வேப்பங்குழை கட்டிய படலை

என் புருஷனின் சேர்ட்டை நடு ஒழுங்கையில் வைத்து நான்தான் கழற்றினேன்.

மத்தியானம் பன்னிரண்டு மணி இருக்கும். காலை முழுக்கப் பெய்த மழை விட்டு, வெயில் சுள்ளென்று அடித்தது. எங்கள் ஒழுங்கை ஒரு கார் போகிற அகலச் சந்து; அதில் தேங்கி நின்ற வெள்ளத்தில் பட்டு வெயில் கண்ணைக் குத்தியது. வீட்டுக்குள்ளிருந்த வாங்கை, ஆள் படுக்கிற நீளமான பலகை இருக்கையை, வேலிக் கதவான படலையடிக்கு இழுத்து வந்து, அதில் அவரைக் கிடத்தியிருந்தேன்.

"பாருங்கோ," என்றேன். "நெஞ்சைப் பாருங்கோ. முதுகைப் பாருங்கோ. எங்கையாவது ஒரு கொப்பளம் கிடக்கோ?"

எட்டுப் பத்துப் பேர் நின்றார்கள். ஒருவரும் கிட்ட வரவில்லை. பக்கத்து வளவு மங்களமக்காதான் முதலில் வாய் திறந்தார்.

"வெளியிலை தெரியாட்டில் உள்ளுக்கை போட்டிருக்கும் பிள்ளை. அதுதான் பொல்லாதது. மனிசனைக் கொண்டுபோய் உள்ளுக்கை கிடத்து. அம்மாளைச் சோதியாதை."

வாங்கில் கிடந்த என் புருஷனின் கண்கள் குழிக்குள் போயிருந்தன. கைத்தோலை நுள்ளிப் பிடித்தால் பிடித்தபடியே நின்றது. விடிந்ததிலிருந்து அரிசி கழுவின தண்ணீர் மாதிரி வயிற்றால் போய்க்கொண்டிருந்தது. தம்பிராசா அண்ணையின் பழைய கார், மண்ணெண்ணெயில் ஓடுகிற கார், நாலு வீடு தள்ளி மாமரத்தின் கீழே நின்றது. அதில் ஏற்றினால் கால்மணி நேரத்தில் ஆசுபத்திரி.

அவ்வளவு பேரையும் தள்ளி நிறுத்தி வைத்திருந்தது எங்கள் படலையில் தொங்கிய ஒரு கொத்து வேப்பங்குழை. அதைக் கட்டினதும் நான்தான்.

ஒரு கடிதம்

இந்தப் பத்திரிகையில் வாரம் ஒன்றாக நான் எழுதும் தொடரின் போன கிழமை அத்தியாயத்தை வாசித்த ஒருவர் எனக்குக் கடிதம் எழுதியிருந்தார். படிப்பறிவில்லாத சனத்துக்கு விலகி நில் என்று சொன்னால் விளங்காதாம். கொரோனா நேரத்திலும் அதைத்தான் கண்டோமாம்.

ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்ட நான், அந்தக் கடிதத்தை இரண்டு நாள் மனதில் வைத்துப் பொருமிக்கொண்டு திரிந்தேன். பிறகுதான் இந்தக் கதையை எழுதுவதென்று முடிவெடுத்தேன். அவர் படித்தவர். வாசிக்கட்டும்.

நோட்டீசு

அது மயிலிட்டிச் சனம் போரில் இடம்பெயர்ந்து வந்து எங்கள் இணுவிலில் பள்ளிக்கூடத்தில் இருந்த நேரம். மாரி விடாமல் பெய்து மலசலகூடக் குழிகள் நிரம்பிவிட்டன. வாந்திபேதி வந்தது. அங்கே ஒன்று, இங்கே ஒன்று என்று செத்த வீட்டுப் பறை கேட்கத் தொடங்கியது.

பி.எச்.ஐ. ஐயா, சுகாதாரத்துக்குப் பொறுப்பான அந்த மனிதர், கூட்டுறவுச் சங்கக்கடைச் சுவரில் ஒரு நோட்டீசு ஒட்டினார். கூட்டம் கூட வேண்டாம். நோயாளர் வீடுகளுக்குச் செல்ல வேண்டாம். கிணற்றடியில் விலகி நிற்கவும். நீரைக் கொதிக்கவைத்துப் பருகவும். கைகளைச் சவர்க்காரமிட்டுக் கழுவவும்.

எழுத்தைக் கூட்டி வாசிக்கிற எனக்கு ஒவ்வொரு சொல்லும் இரண்டு தரம் பயம் காட்டும். மூன்று முறை வாசித்துவிட்டு வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டேன். மற்றவர்கள் அப்படியில்லை. கூட்டம் கூட வேண்டாம் என்ற நோட்டீசை வாசிக்கத்தான் அந்தக் கிழமை சங்கக்கடையில் ஆகப் பெரிய கூட்டம் நின்றது. தோளோடு தோள் முட்டிக்கொண்டு ஒருவர் உரத்து வாசிக்க, மற்றவர்கள் "உதெல்லாம் நடக்கிற காரியமோ" என்று சிரித்தார்கள்.

அந்தச் சிரிப்பில் ஒரு நியாயம் இருந்தது என்பதையும் சொல்லவேண்டும். சவர்க்காரம் எங்கே இருந்தது? அரசாங்கத்தின் பொருளாதாரத் தடையில் அது யாழ்ப்பாணக் குடாநாட்டுக்குள் வருவதே இல்லை. வந்த ஒன்றிரண்டும் தங்க விலை. உடுப்பைப் பனங்காய்க் களியில் தோய்த்துக்கொண்டிருந்தோம். விறகெல்லாம் ஈரம். ஒரு கேத்தல் தண்ணீர் கொதிப்பதற்குள் கண் இரண்டும் சிவந்துவிடும். செய்யவே முடியாத ஒன்றைச் செய் என்று எழுதி ஒட்டினால், சனம் செய்யக்கூடியதையும் சேர்த்துக் கைவிட்டுவிடும். அதை எழுதினவருக்கு இது விளங்கவில்லை. அவர் படித்தவர்.

ஒரேயொரு இடத்தில் மட்டும் தூரம் ஒழுங்காகக் காக்கப்பட்டது. மயிலிட்டிச் சனம் இருந்த பள்ளிக்கூடத்து வாசலில். "உவையாலைதான் வந்தது" என்று ஒரு கதை கிளம்பியது. ஆனால் அந்தக் கதை கிளம்பும் முன்னமே, வாந்திபேதி வரும் முன்னமே, எங்கள் ஆட்கள் அந்த வாசலை விலத்தித்தான் நடந்தார்கள். கடற்கரைச் சனம், மீன் பிடிக்கிற சாதி என்பதற்காக. அந்தத் தூரத்தை யாரும் எழுதி ஒட்டத் தேவையிருக்கவில்லை. நானும் விலத்தித்தான் நடந்தேன். இப்போது எழுதும்போது கை கூசுகிறது.

தோய வந்தவர்கள்

எங்கள் ஒழுங்கையின் கடைசி வீட்டில் கந்தையா அண்ணை வாந்திபேதியில் செத்தார். அவ்வளவு பேரும் போனார்கள். கட்டிப் பிடித்து அழுதார்கள். செத்த வீட்டுக்குப் போகாமல் விட்டால், நாளைக்கு எங்கள் வீட்டுப் பிணத்தைத் தூக்க ஆள் வராது. அந்தப் பயத்துக்கு முன்னால் நோட்டீசு எந்த மூலைக்கு?

நான் போகவில்லை. வீட்டில் இருந்தேன். ஆனால் செத்த வீடு என்னைத் தேடி வந்தது.

எங்கள் வளவிலுள்ள கிணறு பங்குக் கிணறு. ஏழு வீட்டுக்குச் சொந்தம். செத்த வீட்டுக்குப் போனவர்கள் தோயாமல், தலைமுழுகாமல், தங்கள் வீட்டுக்குள் கால் வைக்கக் கூடாது. ஆகவே பின்னேரம் அத்தனை பேரும் நேராக எங்கள் கிணற்றடிக்கு வந்தார்கள். மாரித் தண்ணீர் முட்டி, கை நீட்டினால் தொடுகிற அளவுக்கு நின்றது. கிணற்றுக் கட்டு ஒரு பக்கம் இடிந்திருந்தது. பிணத்தைக் கழுவின கையாலேயே வாளியைப் பிடித்து அள்ளி, தலையில் ஊற்றினார்கள். ஊற்றின தண்ணீர் இடிந்த பக்கத்தால் திரும்பக் கிணற்றுக்குள் இறங்கியது. நான் என் கண்ணால் கண்டேன்.

"கொஞ்சம் அங்காலை தள்ளி நிண்டு தோயுங்கோவன்," என்று கெஞ்சினேன். "தண்ணி உள்ளுக்கை போகுது."

"பங்குக் கிணறு பிள்ளை," என்றார் மங்களமக்கா, தலைமயிரைப் பிழிந்தபடி. "உன்ரை கொப்பர் சீதனமாத் தந்ததோ?"

எல்லோரும் சிரித்தார்கள். பின்வளவில் வெங்காயம் கட்டிக்கொண்டிருந்த என் புருஷன், "விடப்பா, சனத்தோடை கொழுவாதை," என்றார்.

விட்டேன். ஆனால் அன்றைக்கு நான் சாப்பிடவில்லை.

வருத்தமில்லாத நோயாளி

அடுத்த நாள் விடியப் பின்வளவு வேம்பில் ஒரு கொத்து ஒடித்துப் படலையில் கட்டினேன். தண்ணீருக்கு முதலில் வந்தது மங்களமக்காதான்.

"இவருக்கு அம்மாள் போட்டிருக்கக்கா," என்றேன். கொப்பளிப்பானை, அந்த அம்மை நோயை, நாங்கள் அப்படித்தான் சொல்வோம். பேர் சொல்லக் கூடாது.

மங்களமக்கா மூன்று அடி பின்னால் போனார். செருப்பைக் கழற்றினார். கும்பிட்டார். "போட்டு வாறன்" என்று சொல்லி விடைபெறாமல் திரும்பி நடந்தார். சொன்னால் அம்மாளும் கூட வந்துவிடுவா.

அதற்குப் பிறகு ஒரு காகம்கூட வரவில்லை. ஆறு வீட்டுச் சனமும் கோயில் கிணற்றுக்குப் போய் அள்ளினார்கள். பால்காரர் போத்தலைப் படலைக்கு வெளியே வைத்துவிட்டு மணியை மட்டும் அடித்தார். நோட்டீசுக்கு அசையாத ஊர் ஒரு கொத்துக் குழைக்கு அடங்கிவிட்டது. எனக்கு ஒரு பக்கம் நிம்மதி, மறு பக்கம் ஆத்திரம். அப்ப உங்களால் விலகி நிற்க முடியும்தானே என்று ஒவ்வொருவரையும் பிடித்துக் கேட்கவேண்டும் போல இருந்தது.

இவரைப் பத்து நாளைக்கு வீட்டுக்குள்ளேயே இருக்கச் சொன்னேன். பொல்லாத கோபம் வந்தது.

"வெங்காயத்துக்கை வெள்ளம் நிக்குது. வாய்க்கால் வெட்டி விடவேணும். நான் இஞ்சை படுத்துக் கிடக்கிறதோ?"

"வெளியாலை கண்டால் பொய் எண்டு பிடிபட்டுப் போம்."

"அப்ப இரண்டு கருவாடாவது பொரி."

"பொரிச்சால் ஒழுங்கை முழுக்க மணக்கும். அம்மாள் வீட்டிலை தாளிதமே கூடாது. உங்களுக்குத் தெரியாதே?"

"வருத்தமில்லாத மனிசனுக்குப் பத்தியச் சாப்பாடு போடுற பெண்சாதி உலகத்திலை நீ ஒருத்திதான்," என்றார். பிறகு, "அம்மாள் இறங்கினால் தண்ணி வாக்கிறதெல்லோ, எனக்கு எப்ப வாக்கப் போறாய்? ஊரைக் கூப்பிட்டுச் செய்வமோ?" என்று சிரித்தார். இரண்டு பேரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம்.

முதல் இரண்டு நாளும் தண்ணீரைக் கொதிக்கவைத்தேன். பிறகு விட்டுவிட்டேன். விறகு புகைந்தது. கிணற்றை இனி ஒருவரும் தொடப்போவதில்லை, ஆட்களைத் தள்ளி வைத்தாயிற்று, இனி என்ன பயம் என்று நினைத்தேன். உள்ளே ஏற்கனவே இறங்கினதை மறந்துபோனேன். எதற்கெடுத்தாலும் பயப்படுகிற நான், பயப்பட வேண்டிய இடத்தில் பயப்படவில்லை. எனக்குச் சின்ன வயதிலிருந்தே பச்சைத்தண்ணீர் குடிக்கிற பழக்கம் இல்லை, பால் விடாத தேத்தண்ணீர், பிளேன்ரீதான். அவர் செம்பு செம்பாகக் குடிப்பார்.

ஆறாம் நாள் விடிய அவருக்கு வயிற்றால் போகத் தொடங்கியது. மாதுளங்கோதை, காய்ந்த பழத்தோலை, அவித்துக் கொடுத்தேன். குடித்ததெல்லாம் வெளியே வந்தது. மத்தியானம் ஆகும்போது அவருக்குக் குரல் இல்லை.

படலையடியில்

இப்போது வாங்குக்குத் திரும்பி வருகிறேன்.

"அம்மாள் இல்லை அக்கா. நான் பொய் சொன்னனான்," என்றேன். குழையை அறுத்து வெள்ளத்துக்குள் எறிந்தேன். "இது வாந்திபேதி. ஆரும் கிட்ட வரத் தேவையில்லை. தம்பிராசா அண்ணை, காரை மட்டும் எடுங்கோ. பின்சீற்றிலை நான் வைச்சிருக்கிறன்."

பெண்கள் சிலர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். "மனிசனுக்குக் கடுமையாப் போச்சு. அதுதான் இவளுக்குத் தலை மாறிப் போச்சுது," என்று யாரோ சொன்னது கேட்டது. பொய் சொன்னபோது ஒரு சொல் கேட்காமல் நம்பியவர்கள், உண்மை சொன்னபோது என்னை விசரியாக்கினார்கள்.

தம்பிராசா அண்ணை தொண்டையைச் செருமினார். "தங்கச்சி, காரிலை சாமிப்படம் வைச்சிருக்கிறன். அம்மாள் வந்த ஆளை ஏத்தேலாது. ஆசுபத்திரியிலை ஊசி போடுவினம். அம்மாளுக்கு ஊசி ஆகாது."

"வாந்திபேதி எண்டெல்லோ சொல்லுறன்."

"அப்பிடியெண்டால் இன்னும் ஏத்தேலாதே. நோட்டீசிலை போட்டிருக்கெல்லோ, நோயாளரிட்டைப் போகக் கூடாதெண்டு."

அவர் கந்தையா அண்ணையின் பாடையில் ஒரு பக்கம் தோள் கொடுத்தவர். எங்கள் கிணற்றில் தோய்ந்தவர். நோட்டீசு ஒட்டின நாளிலிருந்து அதை அவர் கடைப்பிடித்தது அன்றைக்குத்தான்.

நான் திட்டினேன். என்ன திட்டினேன் என்று இங்கே எழுத முடியாது. எழுதினாலும் ஆசிரியர் வெட்டிவிடுவார்.

அப்போதுதான் பி.எச்.ஐ. ஐயா சைக்கிளில் வந்தார். கூட்டத்தைக் கண்டு கலைக்கத்தான் வந்திருப்பார். வாங்கில் கிடந்தவரைக் கண்டதும் சைக்கிளை வேலியில் சாத்திவிட்டு, கிட்ட வந்து குனிந்து கைத்தோலை நுள்ளிப் பார்த்தார்.

"இது அம்மாளோ? ஆர் சொன்னது?"

"நான்தான்," என்றேன்.

அவர் என்னை ஏறிட்டுப் பார்த்தார். தம்பிராசா அண்ணையைத் திரும்பிப் பார்த்தார், அவர் கண்ணை வெள்ளத்தில் போட்டுக்கொண்டு நின்றார். இரண்டு பேருமாக இவரைத் தூக்கிச் சைக்கிளின் பின்கரியரில் இருத்தினோம். உடுப்புக் காயப்போடுகிற கொடிக்கயிற்றை அறுத்து, சீற்றோடு சேர்த்துக் கட்டினேன். ஐயா முன்னால் காண்டிலைப் பிடித்துத் தள்ள, நான் பின்னாலிருந்து முதுகைத் தாங்கிக்கொண்டு நடந்தேன். முழங்கால் அளவு வெள்ளம். இரண்டு மைல்.

பாதி வழியில் கேட்டேன். "மற்றக் கிணறுகளுக்கு மருந்து போட்டதாச் சொன்னவை. எங்கடை கிணத்துக்கு மட்டும் ஏன் போடேல்லை?"

அவர் வெள்ளத்துக்குள் பள்ளம் பார்த்துச் சைக்கிளைத் திருப்பினார்.

"வந்தனான். அந்தச் செத்த வீட்டுக்கு மூண்டாம் நாள். குளோரின் வாளியோடை படலையடிக்கு வந்தனான். குழை கட்டியிருந்துது."

"அதுக்கு?"

"எப்பிடியம்மா திறக்கிறது?"

"நீங்கள் படிச்ச ஆளெல்லோ. நீங்கள்தானே நோட்டீசு எழுதினது."

"படிச்சதுதான். நானும் இந்த ஊர்தானே அம்மா. குழை கட்டின படலையைத் திறந்தனான் எண்டு தெரிஞ்சால் வீட்டிலை மனிசி என்னை உள்ளுக்கை எடாள்."

அந்த இடத்தில் எனக்கு அழுகை வந்தது. அவருக்கு அது பரிதாபமாகத் தெரிந்திருக்கும். எனக்கு அது ஆத்திரம். ஒரு பிடி தூள் போட்டிருந்தால் என் மனிதன் இப்படிக் கயிற்றில் தொங்கிக்கொண்டு வரத் தேவையில்லை. அந்தத் தூளைப் படலைக்கு வெளியே மறித்தது என் பொய். யாரைத் திட்டுவது?

சாம்பல்

ஆசுபத்திரியில் அன்றைக்குச் சேலைன் இருந்தது. அதனால் பிழைத்தார். அடுத்த கிழமை வந்தவர்களுக்கு இருக்கவில்லை.

வார்டு வாசலில் நிலத்தில் கரியால் ஒரு கோடு கீறியிருந்தது. அங்கே வேலை செய்த ஒரு அம்மா என்னை மறித்தார்.

"கோட்டுக்கு இஞ்சாலை வராதை பிள்ளை. உன்ரை மனிசனைத் தொட்ட கையிலை இப்ப அந்த வருத்தம் இருக்கு. அந்தச் சட்டியிலை சாம்பல் கிடக்கு, நல்லாத் தேச்சுக் கழுவு. அதுக்குப் பேந்துதான் குடிக்கிற தண்ணியைத் தொடவேணும்."

"சாம்பல் மட்டும் காணுமோ?"

"சவுக்காரம் வருமெண்டு பாத்துக்கொண்டிருந்தால் வார்டிலை ஒருத்தரும் மிஞ்சாயினம்."

நான் தேய்த்துக் கழுவினேன். அந்த அம்மா நின்று பார்த்தார். நகத்துக்குள்ளும் தேய்க்கச் சொன்னார். நான் கோட்டைத் தாண்டவில்லை. வாசலில் நின்ற ஒருவரும் தாண்டவில்லை.

சாம்பல் இல்லாத அடுப்பு யாழ்ப்பாணத்தில் உண்டா? அந்த ஒரு சொல்லை நோட்டீசில் போட்டிருக்கலாமே. இவரை வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு பி.எச்.ஐ. ஐயாவிடம் போய் அதையே கேட்டேன்.

"மேலை இருந்து வந்ததிலை சவர்க்காரம் எண்டுதான் கிடக்கு," என்றார். "நான் மாத்தி எழுதினால் என்னைத்தான் கேப்பினம்."

தம்பிராசா அண்ணைக்குச் சாமிப்படம். ஐயாவுக்கு மேலிடம். ஊருக்கு நாளைக்குப் பிணம் தூக்க ஆள் வேண்டும். எனக்கு, கிணற்றை மறித்தால் ஊர் என்ன சொல்லும் என்ற பயம். எல்லோரும் ஏதோ ஒன்றுக்கு ஒழுங்காகப் பயந்துகொண்டுதான் இருந்தோம். வாந்திபேதிக்கு மட்டும், பயப்பட வேண்டிய இடத்தில் ஒருவரும் பயப்படவில்லை. கடிதம் எழுதினவருக்கு இதைத்தான் சொல்ல வந்தேன். விளங்காமல் இல்லை. எங்களுக்கு எல்லாம் விளங்கும்.

அந்தக் கிழமை மங்களமக்கா வீடு வீடாக அரிசி சேர்த்தார். அம்மாளுக்குப் பொங்கல். ஆறு வீட்டில் ஒருவருக்கும் ஒன்றும் வராமல் அம்மாள் காப்பாற்றிவிட்டாவாம். உண்மையிலேயே ஒருவருக்கும் வரவில்லை. குழை அவர்களை எங்கள் கிணற்றிலிருந்து தள்ளி வைத்திருந்தது. அதை வைத்துக்கொண்டு நான் யாரோடு வாதாட? ஒரு சுண்டு அரிசி அளந்து போட்டேன். எரிச்சலோடுதான் போட்டேன்.

பொங்கலுக்கு அடுத்த நாள் கிணற்றுக்கு மருந்து போட்டார்கள். இனி எல்லோரும் திரும்பி வருவார்கள். சட்டி நிறையச் சாம்பல் அள்ளிக் கிணற்றடியில் வைத்தேன். வீட்டுக்குள் போனேன். மனம் கேட்கவில்லை. இவர்கள் கை கழுவுவார்களோ, சட்டி பானை மினுக்கக் கொண்டுபோவார்களோ என்று யோசனை. ஒரு கதிரையைத் தூக்கிக்கொண்டு போய்ச் சாம்பல் சட்டிக்குப் பக்கத்தில் போட்டு இருந்தேன்.

மங்களமக்கா குடத்தோடு வந்தார். பின்னால் இன்னும் இரண்டு பேர்.

"என்ன பிள்ளை, கிணத்துக்குக் காவலோ?"

"சாம்பலாலை கையைத் தேச்சுப்போட்டு வாளியைத் தொடுங்கோ அக்கா. ஒராள் அள்ளி முடிச்சு விலத்தினாப் பிறகு மற்ற ஆள்."

"செய்யாட்டில்?"

"செய்யாட்டில் ஒண்டுமில்லை. நான் உதிலைதான் இருப்பன்."

அவர் பின்னால் நின்றவர்களைப் பார்த்தார். பிறகு வீட்டுப் பக்கம் பார்த்தார். அங்கே இவர் சாய்மனைக் கதிரையில், பாதி ஆளாக வற்றிப்போய், போர்வைக்குள் கிடந்தார். மங்களமக்கா குடத்தை இறக்கி வைத்தார். குனிந்து சாம்பலில் கையை வைத்தார்.

"கழுவுறன், கழுவுறன்," என்றார். "அதுக்கேன் பிள்ளை இப்பிடிக் கண்ணை உருட்டி முழுசிறாய்?"

மற்ற இரண்டு பேரும் வேலிப் பக்கம் தள்ளி நின்றார்கள். நான் முழுசிக்கொண்டுதான் இருந்தேன்.